பாறைக்குள் போன பாதை, மின்சாரத்தில் நின்ற பாதை

பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வந்தால், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் முதல் ஊர் ஜூஜுவாடி. செக்போஸ்ட், சாலையோரத்தில் வரிசைகட்டி நிற்கும் லாரிகள், அதற்கப்புறம் சிப்காட். ஓசூரைச் சுற்றி 1970-களில் தொழிற்பேட்டை உருவாகத் தொடங்கிய பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்த எல்லையை இரண்டு திசையிலும் ஆட்கள் கடக்கிறார்கள். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், அங்கிருந்து சிப்காட்டுக்கு வருகிறவர்கள் மறுபக்கம். கம்பெனி பஸ், அரசு பஸ், பைக் எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே சாலை.

2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டில் தொடங்கி 16 நிலையங்களைத் தொட்டு, 19.15 கிலோமீட்டர் ஓடி, பொம்மசந்திராவில் முடிகிறது. அங்கிருந்து மாநில எல்லை 12 கிலோமீட்டருக்குள்தான். இடையில் மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது. இருப்பது அகலமான நெடுஞ்சாலை. இதைவிடச் சுலபமாக மெட்ரோ போட வேறெங்கே இடம் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெங்களூரின் அடிவயிற்றில், இந்தியாவின் மிகக் கடினமான பாறைகளில் ஒன்றைக் குடைந்துகொண்டு போன ஒரு ரயில் அமைப்பு, இந்தச் சமதரையில் ஏன் நின்றுபோகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் பாறைக்குள் போய்ப் பார்க்கவேண்டும்.

பொம்மசந்திராவில் ஏறினால் ஹெப்பகோடி, ஹுஸ்கூர் ரோடு, எலக்ட்ரானிக் சிட்டி, ஹொச ரோடு, சில்க் போர்டு வழியாக மஞ்சள் பாதை முழுவதும் மேம்பாலத்தில் போகிறது. ஜெயதேவா மருத்துவமனை நிலையத்தில் அதைக் குறுக்கே வெட்டுகிறது இன்னொரு பாதை. அதுதான் இளஞ்சிவப்புப் பாதை. தெற்கே பன்னேர்கட்டா சாலையில் காளேன அக்ரஹாரத்தில் தொடங்கி வடக்கே நாகவாராவில் முடிகிற 21.26 கிலோமீட்டர். இதில் தாவரேகெரே வரையில் மேம்பாலம். அதைத் தாண்டியதும் பாதை சரிந்து இறங்கி மண்ணுக்குள் போகிறது; நாகவாரா வரை மேலே வருவதே இல்லை. 13.76 கிலோமீட்டர் தொடர்ச்சியான சுரங்கம், அதில் 12 நிலையங்கள்.

அந்த நிலையங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே நகரத்தின் வரலாறு வந்துவிடும். டைரி சர்க்கிள், லக்கசந்திரா, லாங்ஃபோர்டு டவுன், ராஷ்ட்ரீய ராணுவப் பள்ளி, எம்.ஜி. ரோடு, சிவாஜிநகர், கன்டோன்மென்ட், பாட்டரி டவுன், டேனரி ரோடு, வெங்கடேசபுரம், காடுகொண்டனஹள்ளி, நாகவாரா. 1809-ல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். பழைய பேட்டைக்கு வடகிழக்கே தண்டு, அதாவது கன்டோன்மென்ட், உருவானது. படைக்குப் பின்னால் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள்: சிப்பாய்கள், கொத்தனார்கள், தோல் பதனிடுகிறவர்கள், குயவர்கள், வியாபாரிகள். பாட்டரி டவுன், டேனரி ரோடு என்ற பெயர்கள் அந்தத் தொழில்களின் பெயர்கள்தாம். சிவாஜிநகரிலும் அதைச் சுற்றியும் இன்றும் தமிழ்க் குரல் கேட்கும். இருநூறு ஆண்டுகளாகத் திட்டமில்லாமல் நெருங்கி வளர்ந்த அந்தத் தெருக்களில் ஒரு மெட்ரோத் தூணை நட இடம் கிடையாது. சுரங்கப் பாதைக்கான செலவு மேம்பாலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆனாலும் அங்கே வேறு வழி இருக்கவில்லை. நிலத்தடி ரயிலின் வழித்தடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்: மேலே எங்கே மனிதர்கள் மிக நெருக்கமாக வாழ்கிறார்களோ, அங்கேதான் ரயில் கீழே இறங்கவேண்டும்.

பெங்களூரு மெட்ரோ முதன்முதலில் ஓடியது 2011 அக்டோபர் 20-ல், எம்.ஜி. ரோட்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே. அதுவும் மேம்பாலம்தான். கப்பன் பார்க், விதான சௌதா, சென்ட்ரல் காலேஜ், மெஜஸ்டிக், சிட்டி ரயில் நிலையம் என்று ஐந்து நிலையங்கள் கொண்ட 4.8 கிலோமீட்டர் சுரங்கம் 2016 ஏப்ரல் 29-ல் திறக்கப்பட்டபோதுதான் தென்னிந்தியாவுக்கு முதல் நிலத்தடி மெட்ரோ கிடைத்தது. சென்னையில் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரையிலான சுரங்கப் பாதை அதற்கு ஓராண்டு கழித்து, 2017 மே 14-ல் வந்தது.

பூமிக்குள் ரயில் விடுவது என்ற எண்ணம் பழையது. 1863 ஜனவரி 10-ல் லண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே சுமார் 6 கிலோமீட்டர் தூரம் உலகின் முதல் நிலத்தடி ரயில் ஓடியது. அது நீராவி ரயில். சாலையைத் தோண்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே மூடி மறுபடியும் சாலையாக்கினார்கள். முதல் நாளே 38,000 பேர் ஏறினார்கள். புகையில் மூச்சுத் திணறியபடியே போனார்கள். கொல்கத்தாவும் 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோவைப் பெரும்பாலும் இப்படித் தோண்டி மூடித்தான் கட்டியது. அடிக்கல் நாட்டியது 1972-ல். முதல் மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் நகரத்தின் முக்கியச் சாலை பிளந்தே கிடந்தது. சிவாஜிநகரில் அப்படிச் செய்தால் கடைத்தெரு செத்துப்போகும்.

மேலே தெரியாமல் கீழே துளைக்கும் முறைக்கும் லண்டன்தான் தாய்வீடு. தேம்ஸ் ஆற்றின் அடியில் 1825-ல் தொடங்கி 1843-ல் முடித்த சுரங்கத்துக்காக மார்க் ப்ரூனெல் ஓர் இரும்புக் கேடயத்தைச் செய்தார். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு, தன் தலையை ஓட்டால் காத்துக்கொண்டு, தான் குடைந்த வழியைப் பின்னால் பூசிக்கொண்டே போகும். அதைக் கவனித்து எடுத்த யோசனை. தோண்டுகிறவர்கள் கேடயத்துக்குள் பாதுகாப்பாக நிற்பார்கள். முன்னால் தோண்டியதும் கேடயத்தை நகர்த்தி, பின்னால் செங்கல் சுவர் எழுப்புவார்கள். இன்றைய சுரங்கம் துளைக்கும் இயந்திரம், அதாவது எல்லோரும் டி.பி.எம். என்று சொல்கிற இயந்திரம், அந்தக் கேடயத்தின் நேர் வாரிசு. ஆட்கள் இருந்த இடத்தில் இப்போது சுழலும் கட்டர் ஹெட் இருக்கிறது. செங்கல்லுக்குப் பதில், தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டுகிறார்கள். பூட்டிய வளையத்தை உந்துபலகையாக்கிக்கொண்டு இயந்திரம் தன்னை முன்னால் தள்ளிக்கொள்கிறது. ஒன்றரை மீட்டர் போனதும் நிற்கும், அடுத்த வளையம் பூட்டப்படும், மறுபடியும் தள்ளும். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சிமென்ட் குழம்பை ஏற்றுவார்கள். ஏற்றாவிட்டால் மேலேயிருக்கும் மண் அந்த இடைவெளிக்குள் இறங்கி, சாலையிலும் வீட்டுச் சுவரிலும் விரிசலாகத் தெரியும்.

இனி பாறை. பெங்களூரின் அடியில் இருப்பது தீபகற்ப நைஸ் என்று நிலவியலாளர்கள் சொல்லும் உருமாறிய பாறை. லால்பாகில் வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஒரு குன்றாக எழுந்து நிற்கிறது. வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அதற்குப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓசூரின் சந்திரசூடேஸ்வரர் மலையும் கிருஷ்ணகிரியின் கோட்டைமலையும் இதே தொன்மையான பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிருஷ்ணகிரியில் வெட்டியெடுக்கும் ‘பாரடைசோ’ என்ற வரிவரியான கல் வெளிநாட்டுச் சமையலறைகள்வரை போகிறது. அந்தக் கல்லை வாள்போட்டு அறுக்கும் பட்டறைக்காரர்களைக் கேட்டால், சுரங்க இயந்திரத்தின் பற்கள் படும் பாட்டை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பாறை முழுக்க ஒரே மாதிரிக் கடினமாக இருந்திருந்தால் வேலை மெதுவாக நடந்திருக்கும், ஆனால் ஆபத்து குறைந்திருக்கும். தொல்லை என்னவென்றால், கோடிக்கணக்கான ஆண்டு மழையும் வெயிலும் மேற்புறப் பாறையை மக்கவைத்திருக்கின்றன. விரிசல்கள் வழியே தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு பாறைத் துண்டையும் வெளியிலிருந்து உள்ளே வெங்காயத் தோல் உரிவதுபோல் உரித்திருக்கிறது. மிச்சமிருப்பது செம்மண். அதற்குள் அங்கங்கே உரியாமல் தப்பிய உருண்டைப் பாறைகள். அதற்குக் கீழே பாதி மக்கிய பாறை, அதற்கும் கீழே முழுப் பாறை. இந்த அடுக்குகளின் எல்லை எங்கும் நேராக இல்லை. பத்தடி தூரத்தில் மேலேறும், அடுத்த பத்தடியில் இறங்கும். மெட்ரோச் சுரங்கம் போவது பெரும்பாலும் சரியாக இந்தக் குழப்பத்தின் நடுவில்.

சுமார் ஆறரை மீட்டர் விட்டமுள்ள கட்டர் ஹெட்டின் கீழ்ப்பாதி கருங்கல்லை உரசிக்கொண்டிருக்கும்போது, மேல்பாதி தண்ணீர் ஊறிய மண்ணில் சுழலும். கல்லைப் பொடியாக்க இயந்திரத்தை அழுத்தித் தள்ளவேண்டும், நேரமெடுத்துச் சுழலவேண்டும். அந்த நேரம் முழுக்க மேலிருக்கும் மண் உள்ளே சரியப் பார்க்கும். மண் சரியாமல் நிற்க, முகப்பில் மண்குழம்பாலோ பென்டோனைட் கரைசலாலோ எதிர் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அழுத்தம் குறைந்தால் மேலே பள்ளம். கூடினால் குழம்பு சாலையைப் பிளந்துகொண்டு வெளியே பீறிடும். புதைந்திருக்கும் உருண்டைப் பாறை ஒன்று கட்டரில் மாட்டினால் இன்னும் மோசம்: அது உடையாமல் மண்ணுக்குள்ளேயே கட்டரோடு சேர்ந்து உருளும், பற்களை உடைக்கும். முதல் கட்டப் பணியில் சிக்பேட்டைக்கும் மெஜஸ்டிக்கும் இடையில் ‘கோதாவரி’ என்ற இயந்திரம் கட்டர் ஹெட் சேதமடைந்து பூமிக்குள்ளேயே மாதக்கணக்கில் நின்றது. அந்த ஆழத்தில், நெருக்கமான கட்டிடங்களுக்கு அடியில், முகப்புத் தட்டையே மாற்றவேண்டியிருந்தது. அதைச் செய்து முடித்தவர்களின் பெயர்கள் எந்த நிலையத்திலும் பொறிக்கப்படவில்லை. பொறிக்கப்படவேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீரும் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. பெங்களூரு ஏரிகளின் ஊர். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியின் படுகையில். கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியின் படுகையில். மேலே தார் போட்டு நூறு ஆண்டு ஆனாலும் அடியில் அந்தச் சரிவுகளை நோக்கித்தான் நிலத்தடி நீர் நகர்கிறது. வீட்டுக்காரர்களே மறந்துபோன தூர்ந்த கிணறுகளும் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளும் எந்த வரைபடத்திலும் இல்லை. மண்ணுக்குள் அழுத்தம் கொடுக்கும்போது அவைதான் முதலில் வாய் திறக்கும். 2023 ஜனவரியில் இளஞ்சிவப்புப் பாதைக்குச் சுரங்கம் போன வழியில் பிரிகேட் ரோடு பக்கம் நடுச்சாலையில் குழி விழுந்தது. சென்னையில் 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் விழுந்த பள்ளத்தில் மாநகரப் பேருந்தும் காரும் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். கொல்கத்தா பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் இறுதியில் இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைத் துளைத்துவிட, வரிசையாக வீடுகள் சரிந்தன. இந்த மூன்று ஊரிலும் மண் வேறு வேறு. சென்னையில் கடலோர மணலும் களிமண்ணும், தெற்கே போகப்போகச் சார்னோக்கைட் பாறையும். கொல்கத்தாவில் முழுக்க ஆற்று வண்டல். ஆனால் விபத்தின் காரணம் ஒன்றுதான். துளைக்கும் முன் போட்ட சோதனைத் துளைகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பது கட்டர் போய்த் தொடும்வரை முழுதாகத் தெரிவதில்லை.

அதனால்தான் இளஞ்சிவப்புப் பாதையின் வேலையை நான் வியப்போடு பார்க்கிறேன். ஊர்ஜா, விந்தியா, அவனி, லவி, வாமிகா, ருத்ரா, வரதா, துங்கா, பத்ரா என்று ஒன்பது இயந்திரங்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு முழுதாகத் தளராத நேரத்தில் முதல் இயந்திரமான ஊர்ஜா இறங்கியது. 2021 செப்டம்பர் 22-ல் சிவாஜிநகரில் அது பாறையை உடைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டியது. கடைசி இயந்திரமான பத்ரா 2024 அக்டோபர் 30-ல் வேலையை முடித்தது. போகவொன்று வரவொன்று என்று இரட்டைக் குழாயாக ஏறத்தாழ 21 கிலோமீட்டர் துளை, நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில்.

இவ்வளவும் செய்த ஊருக்கு ஜூஜுவாடி எப்படிக் கடினமாகும்?

பதில் ரயிலுக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது. லண்டனில் 1890-ல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்தான் ஆழ்குழாயில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில். கம்பிவடம் கட்டி இழுப்பதாக இருந்த திட்டத்தைக் கடைசி நேரத்தில் மாற்றி மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். குழாய் மிகச் சிறியது. மேலே கம்பி தொங்கவிட இடமில்லை. எனவே இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் மூன்றாவதாக ஓர் இரும்புத் தண்டைப் போட்டு அதில் 500 வோல்ட் நேர்மின்சாரத்தை ஓட்டினார்கள். ரயிலின் அடியிலிருந்து நீட்டிய ஒரு ஷூ அதைத் தொட்டு மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. நிலத்தடி ரயில்களில் மூன்றாம் தண்டவாளம் பரவியதற்கு இதுதான் ஆரம்பம். பெங்களூரு எடுத்துக்கொண்டதும் அந்த மரபையே, 750 வோல்ட் நேர்மின்சாரமாக. கொல்கத்தாவும் கொச்சியும் அப்படியே. இதன் லாபம் வெளிப்படையானது: சுரங்கத்தில் உயரம் மிச்சமாகும், மேம்பாலத்தில் கம்பமும் கம்பியும் நிற்காது.

சென்னையும் டெல்லியின் பெரும்பகுதிப் பாதைகளும் தலைக்குமேல் கம்பி இழுத்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கின்றன. ஓசூர் ரயில் நிலையம் வழியாகப் போகும் சேலம்–பெங்களூரு பாதையிலும் இதே 25,000 வோல்ட்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து வேகமெடுக்கும்போது 3 மெகாவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 750 வோல்ட்டில் அந்தத் திறனைக் கொடுக்க 4,000 ஆம்பியர் ஓடவேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். மின்சாரம் போகும் வழியில் வீணாகும் அளவு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டருக்கு மின்தடை நூறில் ஒரு ஓம் என்று கொண்டால், முதலாவதில் கிலோமீட்டருக்கு 160 கிலோவாட் வெறும் சூடாகப் போகும். இரண்டாவதில் 144 வாட், அதாவது இரண்டு ஃபேன் ஓடும் மின்சாரம். மின்னழுத்தமும் முதலாவதில் கிலோமீட்டருக்கு 40 வோல்ட் விழும். பக்கத்திலேயே இன்னொரு ரயிலும் கிளம்பினால் இன்னும் விழும். அதனால் மூன்றாம் தண்டவாளப் பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வேண்டும். மேல்கம்பிப் பாதையில் அவற்றை மிகத் தள்ளித்தள்ளி வைக்கலாம்.

நேர்மின்சாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ரயிலுக்குள் போன மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித்தான் துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. அதில் ஒரு பகுதி வழிதவறி மண்ணுக்குள் போய், பக்கத்திலிருக்கும் குடிநீர்க் குழாயிலோ கான்கிரீட் கம்பியிலோ ஏறிக்கொள்ளும். அது வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஓராண்டு முழுக்க ஒரே ஓர் ஆம்பியர் இப்படி ஒழுகினால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு காணாமல் போய்விடும் என்பது ஃபாரடே விதி தரும் கணக்கு. பெங்களூரு இதையெல்லாம் தெரிந்துதான், அதற்கான காப்புகளோடு கட்டியிருக்கிறது. மேல்கம்பி முறைக்கும் அதற்கான சுமைகள் உண்டு: ஒவ்வொரு ரயிலும் டன் கணக்கில் எடையுள்ள மின்மாற்றியைச் சுமக்கவேண்டும், 25,000 வோல்ட் கம்பிக்கும் சுரங்கக் கூரைக்கும் இடையே கால் மீட்டருக்கு மேல் வெற்றுக் காற்று இருக்கவேண்டும், ஆகவே சுரங்கம் பெரிதாகவேண்டும். ஒன்று சரி, மற்றது தவறு என்பதில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்து பாறைக்குள் துளையும் போட்டுவிட்டால், அதை விரிவாக்க முடியாது. மேம்பாலத்தையாவது மாற்றியமைக்கலாம், துளைத்த விட்டம் துளைத்த விட்டம்தான்.

பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குப் பாதை நீட்டும் திட்டம் பேசப்பட்டபோது அதன் நீளம் சுமார் 20.5 கிலோமீட்டர் என்றார்கள்: 11.7 கர்நாடகத்தில், 8.8 தமிழ்நாட்டில். சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வை நடத்தியது. சென்னையின் பழக்கப்படி 25,000 வோல்ட் மேல்கம்பி முன்வைக்கப்பட்டது. பெங்களூரிடம் இருப்பது 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளம். ஒன்றுக்காக மட்டும் கட்டிய ரயில் மற்றதில் ஓடாது. பெங்களூரு மெட்ரோ நிறுவனம் 2025-ல் இந்தத் தொழில்நுட்ப முரணைக் காட்டி, இணைப்பு சாத்தியமில்லை என்று சொன்னது.

ஓசூருக்கு இந்த மாதிரி முரண் புதிதல்ல. பஞ்சகால நிவாரணப் பாதையாக 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு ரயில் போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாள இடைவெளி இரண்டரை அடி மட்டுமே. மொரப்பூரில் அதைச் சந்தித்த சென்னை–ஜோலார்பேட்டை–சேலம் பெரிய பாதையின் இடைவெளி ஐந்தரை அடி. ஆகவே ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூரில் இறக்கி மறுபடியும் ஏற்றவேண்டும். வருமானம் குறைந்த அந்தச் சிறுரயில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதன்பின் சேலம்–பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை வரும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓசூருக்கு ரயிலே இல்லை. அடுத்த பாதையோடு பொருந்தாத பாதையை ஒரு கஷ்டகாலத்தில் கைவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

ஆனால் மின்சார முரண் கடக்க முடியாத ஒன்றல்ல. 1988 முதல் லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் நகரத்தின் வடக்கே 25,000 வோல்ட் மேல்கம்பியிலும் தெற்கே 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்திலும் ஓடுகின்றன. அதே எண்கள்! ஃபாரிங்டனில், 1863-ல் முதல் நிலத்தடி ரயில் வந்து நின்ற அந்த ஃபாரிங்டனில், ரயில் நிலையத்தில் நிற்கும் சில நொடிகளில் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்கிறது. அதற்கான பெட்டிகள் விலை கூடியவை, பராமரிப்பும் கூடுதல். ஆயினும் ஓடுகின்றன. மாநில எல்லை ஒரு தடையா என்றால், டெல்லி மெட்ரோ 2009-ல் உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவுக்கும் 2010-ல் ஹரியானாவின் குருகிராமுக்கும் போய்விட்டது.

இதைவிடவும் நேர்வழி ஒன்று உண்டு. அதைத்தான் நான் ஆதரிக்கிறேன். மஞ்சள் பாதையின் 750 வோல்ட்டையே எல்லைக்கு இந்தப் பக்கமும் நீட்டிவிடுவது. ஜூஜுவாடியில் மேம்பாலம்தான் வரப்போகிறது, சுரங்கம் இல்லை. எனவே சுரங்க விட்டம் பற்றிய எந்தக் கட்டுப்பாடும் இங்கே இல்லை. எந்த முறையையும் ஏற்கும் சுதந்திரம் ஓசூர்ப் பக்கத்துக்கு இருக்கிறது, பெங்களூருக்கு இல்லை. கூடுதலாகச் சில துணை மின்நிலையங்கள் வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் ஓசூரில் ஏறியவர் ஜெயதேவாவில் ஒருமுறை மட்டும் மாறி, சிவாஜிநகரில் போய் இறங்கலாம். சென்னை மெட்ரோவின் பெட்டிகளும் பணிமனைப் பழக்கமும் இங்கே பயன்படாது என்பது உண்மை. ஆனால் சென்னையின் பாதை ஓசூரைத் தொடப்போவதில்லை; பெங்களூரின் பாதை 12 கிலோமீட்டர் தூரத்தில் வந்து நிற்கிறது.

இரண்டு அரசும் அதற்கு ஒத்துவராமல், இரு வேறு மின்முறையோடு இரு வேறு பாதைகள்தான் பொம்மசந்திராவில் சந்திக்கும் என்று முடிவானால், அப்போதும் ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்கலாம். ஹாங்காங்கில் மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட் நிலையங்களில் ஒரு பாதையின் ரயிலும் மற்றொன்றின் ரயிலும் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் வந்து நிற்கும். பயணி நாலடி நடந்தால் போதும். பொம்மசந்திராவில் அதைச் செய்ய மேம்பாலத்தின் தூண்களும் மேடையின் உயரமும் இரண்டு நிறுவனங்களின் வரைபடத்திலும் இப்போதே ஒன்றாக வரவேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டால் கிடைப்பது, ஷிப்ட் முடிந்து வருகிறவர் டிபன் பாக்ஸோடு ஏறி இறங்கவேண்டிய இன்னொரு நடைமேம்பாலமாகத்தான் இருக்கும்.